படியேறும் பிணங்கள் மீது பலத்த ஆட்சேபம்

திருத்தணி,
கிருத்திகை, ஞாயிறு பிற்பகல்.

பெருமதிப்புக்கும் என் பெருங்கோபத்துக்கும் உரிய பாவா டில்லிபாபு அவர்களுக்கு, தங்கள் மச்சினன் முரளிதரன், பதினொன்றாம் வகுப்பு, பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நைனா, அம்மா, நான் மூவரும் நலம். என் லேப்டாப் சார்ஜர் மட்டும் நலமில்லை. அன்னார் நேற்று மாலை நாலே முக்கால் மணியளவில், இரண்டாண்டு இடையறாத சேவைக்குப் பின், லேசான கருகல் வாசனையுடன் காலமானார் என்பதைக் கனத்த இதயத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். "எங்க கம்பெனி ஜாம்பி கேமு, வெளியே விடறதுக்கு முன்னாடி ஆடிப் பாத்து எழுத்துல கருத்து சொல்லு, நல்லா சொன்னா மே மாச லீவு முழுக்க எங்க ஆபீஸ்லயே வந்து ஆடலாம்" என்று தாங்கள் அனுப்பிவைத்தீர்களே, அதுதான் அன்னாரைக் கொன்றது.

அந்த மே மாசத்துக்காக ஒவ்வொரு வார்த்தையையும் தேனில் தோய்த்து எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். முடியல பாவா, வயிறு எரியுது. முதல் மூணு மணி நேரம் ஒரு ஜாம்பி வரல. நான் என்ன பண்ணிகினு இருந்தேன் தெரியுமா? கந்தல் பொறுக்கிகினு இருந்தேன். எந்த வீட்டைத் திறந்தாலும் ஒரு துணி, ரெண்டு ஆணி, ஒரு டப்பா பீன்ஸ். உலகம் அழியப் போவுதுன்னு தெரிஞ்சு ஊரே பீன்ஸ் வாங்கி வெச்சுதா? மேப்பு பெருசுன்னு பீத்திக்கினீங்க. பெருசுதான். அரக்கோணத்துலேர்ந்து தண்டவாளத்து மேலயே திருத்தணிக்கு நடக்கறா மாதிரி நடந்துகினே இருக்கேன், ஒரு காக்கா கூட கத்தல. ரயில்ல வந்தாலாவது சுண்டல் வரும். கடைசியா வந்ததும் ஜாம்பி இல்ல, சோம்பி. காலை இழுத்துகினு, சுவத்துல முட்டிகினு நிக்குது. ஐயோ பாவம்னு கிட்டப் போனா திடீர்னு முன்னூறு பேரு, ஆடிக் கிருத்திகைக்கு ஸ்பெஷல் பஸ் விட்டா மாதிரி! மூணு மணி நேரம் பட்டினி போட்டுட்டு அஞ்சே நிமிஷத்துல பந்தி மொத்தத்தையும் வாயில திணிச்சா எவனுக்கு பாவா ஜீரணமாவும்?

இதுல ஹீரோ வேற. பெத்த புள்ளைய ஜாம்பி தூக்கினு போயிடுச்சுன்னு கதறி அழுவறான். அழுதுட்டு ஏரிக்கரையில குந்தி மீன் பிடிக்கிறான்! ஏழு கெண்டை பிடிச்சுக் குடுத்தாதான் அங்க காவல் இருக்கற கிழவன் கேட் சாவி தருவானாம். பன்னெண்டு வருஷம் மழையில நின்ன காரு ஒரே திருகுல ஸ்டார்ட் ஆவுது. நைனாவோட ஸ்கூட்டர் ரெண்டு நாள் நனைஞ்சா தெருக்கோடி வரைக்கும் நான் தள்ளணும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். நம்ம ஊரைப் பாத்து ஒரு மலைக்கோயில் ஊர் பண்ணியிருக்கீங்களே, அங்கதான் மண்டை கொதிச்சுது. முன்னூத்தி அறுபத்தஞ்சு படி. உசுரோட இருக்கறவனே நடுவுல குந்தி, இடுப்பைப் புடிச்சுகினு, "இன்னும் எவ்ளோப்பா இருக்கு?"ன்னு கேட்டுகினுதான் ஏறுவான். உங்க பொணம் மூச்சு வாங்காம ஏறுது. பொணத்துக்கு ஏதுடா மூச்சுன்னு கேப்பீங்க. முட்டி இருக்குதில்ல? கையில வாழைப்பழத்தோட மலை பூரா சுத்தறேன், ஒரு கொரங்கு புடுங்கல. அதை விட அக்கிரமம், முதல் ஜாம்பி படிக்கட்டுல தலை காட்டினதுமே ஜனம் மொத்தமும் கத்திகினு ஓடுது. போன்ல சொன்னப்போ, "ஓடாம ஆரத்தியாடா எடுப்பாங்க?"ன்னு சிரிச்சீங்க. ஆங், எடுப்பாங்க. இன்னிக்குக் காலையில நிரூபிச்சுட்டேன்.

என் கிளாஸ் கந்தனை ஜாம்பி ஆக்கினேன். மூஞ்சி பூரா அரிசி மாவு, வாயோரம் குங்குமத் தண்ணி, நைனாவோட கிழிஞ்ச சட்டை. கண்ணைச் சொருகி, கையை நீட்டி, உறுமிகினே படியேறச் சொல்லிட்டு, நான் கீழ நின்னு, ஒரு துளி பதறாம, விஞ்ஞானி மாதிரி குறிப்பெடுத்தேன். ஓடினவங்க: பூஜ்யம். பத்தாவது படியில ஒருத்தர், "வழி விடுங்கப்பா, சாமி வந்திருக்குது"ன்னு கூட்டத்தை ஒதுக்கினார். இருபதாவது படியில நெத்தி நிறைய விபூதி. முப்பதுல ஒரு ஆந்திரா குடும்பம், அப்பன் புள்ள எல்லாம் புது மொட்டை, சாஷ்டாங்கமா விழுந்துது. பூக்கார அக்கா ஓடியாந்து எலுமிச்சம்பழத்தை வாயில திணிச்சு, "கடி சாமி, கோவம் தணியும்"ன்னுச்சு. கடிக்கறதுக்குன்னே வந்தவனுக்கு எலுமிச்சம்பழம்! கடைசியா வயசான அம்மா ஒண்ணு கற்பூரம் ஏத்தி, புள்ளையோட வேலை பத்தி ஏதோ கேட்டுச்சு. அத்தோட பரிசோதனை இனிதே நிறைவுற்றது.

ஆகவே பாவா, கேமை மாத்துங்க. முதல் அரை மணிக்கு ஒருத்தரும் ஓடக்கூடாது. விபூதி பூசட்டும், குறி கேக்கட்டும், வரிசையில தள்ளிக்கட்டும். பூசற கையை அது லபக்குனு கடிக்கணும். அப்போ வரும் பாருங்க, அது பயம். பயம்னா என்னன்னே தெரியாத நான் சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க. முருகனுக்கே கோவம் தணிஞ்ச மலை இது. எனக்குத் தணியல.

மோனிஷா அக்காவுக்கு வணக்கம். பாப்பாவுக்குக் கன்னத்துக்கு ஒரு முத்தம். மலை மேல இருக்கறவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் உங்க ஜாம்பிகளுக்கு மூட்டு வலியையும் அருள்வாராக.

இப்படிக்கு,
தணியாத மச்சினன்,
முரளிதரன்

பின்குறிப்பு: பாவா, இதை முதல்ல எழுதியிருக்கணும். கந்தனை அவங்கம்மா அனுப்பல. ஜாம்பி நான்தான். கற்பூரம் ஏத்தினது உங்கம்மா. கோவிந்தம்மா அத்தை பள்ளிப்பட்டுலேர்ந்து கிருத்திகைக்கு வரும்னு யாரும் என்கிட்ட சொல்லல. மாவுல என்னை அடையாளம் தெரியல. கண்ணை மூடிக் கும்பிட்டுகினே, "முருகா, எம்புள்ள டில்லி மெட்ராஸ்ல பொணத்த நடக்க வெக்கிற வேலை பாக்கறான், இது அடுக்குமா? இருக்கட்டுமா, வுட்டுடச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டுச்சு. நான் வீல்னு கத்திட்டு மூணு மூணு படியா தாவி வீட்டுக்கே ஓடியாந்துட்டேன். பின்னாலயே அத்தையும் வந்து அம்மாகிட்ட அழுவுது: "எம்புள்ள வேலையச் சொன்னதுமே சாமியே பயந்து ஓடிப்போச்சு, சம்பந்திம்மா!" நான் பாத்ரூம்ல மாவு கழுவிகினு இருந்தேன். இப்பதான் அத்தை சென்னை ரயில் ஏறியிருக்கு. உங்களை ராஜினாமா எழுத வெச்சுக் கையோட கூட்டிகினு வரப் போவுதாம். போன்ல சொல்ல தைரியம் இல்ல, அதான் இந்த மெயில். உண்மையைச் சொல்லிடுங்க பாவா, வேலையை மட்டும் விட்றாதீங்க. ஆனா முதல்ல அத்தைக்குத் தண்ணி குடுங்க. அப்புறம் மோர். அப்புறம் சாப்பாடு. பாப்பாவை மடியில வெச்சுக் கொஞ்ச நேரம் கொஞ்சட்டும். அதுக்கும் அப்புறமா, மெள்ள, என் பேரைச் சொல்லுங்க. அவசரமே இல்ல.