சிவமலர், தந்தை நித்தியானந்தன், நிறம் கரும்பழுப்பு

மனித குலம் கருணையில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதில் ஐயம் உள்ளவர்கள், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து, ஃபிரவ், அதாவது திருமதி, ஹாகமைஸ்டரின் குதிரைப் பண்ணையைக் குளிர்காலத்தில் ஒரு தடவை தரிசித்துவிட்டு வர வேண்டும். நாம் புத்தகத்தில் மட்டும் படித்த ஜீவகாருண்யம் அங்கே முழங்கால் ஆழ வைக்கோலில் நின்று கரட் தின்றுகொண்டிருக்கும்.

அவை சாதாரணக் குதிரைகள் அல்ல. மூன்று நாள் போட்டிக் குதிரைகள். முதல் நாள் கணக்குப் பிசகாமல் நடனம் ஆட வேண்டும். இரண்டாம் நாள் காட்டுக்குள்ளே மரக்கட்டை, பள்ளம், குட்டை எல்லாவற்றையும் தாண்டி ஓட வேண்டும். மூன்றாம் நாள், முந்திய நாள் ஒன்றுமே நடக்காததுபோல், வண்ணக் கம்புகளைத் தட்டாமல் குதிக்க வேண்டும். ஒரே உயிரிடம் இவ்வளவையும் கேட்பது கொஞ்சம் அதிகம் என்பதைப் பண்ணை நிர்வாகம் பெருந்தன்மையோடு உணர்ந்திருந்தது. ஆகவே கடைசிப் போட்டி முடிந்ததும் 'குளிர்கால ஆயத்தம்' தொடங்கிவிடும். அதன் முதல் கட்டம், ஒன்றுமே செய்யாமல் இருப்பது. இலாடத்தைக் கழற்றி நான்கு வாரம் புல்வெளியில் விட்டுவிடுவார்கள். அடுத்து வெறும் நடை. அதற்குப் பிறகு மேடு ஏறுதல். பெப்ரவரியில்தான் நாலுகால் பாய்ச்சல். ஒரு நாள் பாய்ந்தால் இரண்டு நாள் ஓய்வு, காலுக்கு ஐஸ், முதுகுக்குச் சூடு விளக்கு, கழுத்துக்கு மசாஜ்.

இந்த ஓய்வு முழுவதையும் உழைத்து நடத்திக் கொடுப்பவர் சிவமலர். வயது ஐம்பத்து நான்கு, பண்ணையில் பன்னிரண்டு வருஷம். பதினான்கு குதிரைகள் ஓய்வெடுக்க ஒரு மனுஷி எவ்வளவு ஓட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். லத்தி அள்ள வேண்டும், வைக்கோல் கட்டுகளைத் தூக்க வேண்டும், பனியில் குழாய் உறைந்துபோனால் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். செப்டெம்பரிலிருந்து அவருடைய வலது முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

குடும்ப மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்குக் கிடைத்த டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், மே மாதம் பன்னிரண்டாம் தேதி காலை 7.50. ஜெர்மனியில் நேரம் தவறவே தவறாது, வருவதற்குத்தான் கொஞ்சம் நாள் எடுக்கும். மருத்துவர் மூன்று வாரத்துக்குச் சுகவீனக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். சிவமலர் அதைக் கைப்பைக்குள் வைத்தார், வெளியே எடுக்கவில்லை. போன வருஷம் அப்படியொரு கடிதத்தை நீட்டிய போலந்துக்காரியின் ஒப்பந்தம் மார்ச் மாதத்தில் 'இயல்பாகவே' முடிந்துபோயிற்று. சிவமலரின் ஒப்பந்தமும் வருஷா வருஷம் மார்ச்சில்தான் புதுப்பிக்கப்படும். ஆகவே வாயால் கேட்டுப் பார்த்தார்.

"மூன்று வாரம் விடுமுறையா?" ஃபிரவ் ஹாகமைஸ்டர் மனப்பூர்வமாக வருந்தினார். "யோசித்துப் பாருங்கள், ஃபிரவ் நித்தி. குதிரைகள் எல்லாம் ஓய்வில் இருக்கின்றன. நீங்களும் ஓய்வெடுத்துவிட்டால் அவை எப்படி ஓய்வெடுக்கும்?"

இந்தத் தர்க்கத்தை மறுக்கச் சிவமலருக்கு ஜெர்மன் போதவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது தமிழும் போதவில்லை. ஃபிரவ் ஹாகமைஸ்டர் மறுநாளே ஸ்பெயினுக்கு விமானம் ஏறினார். அவருடைய குளிர்கால ஆயத்தம் அங்கேதான் நடப்பது வழக்கம்.

'ஃபிரவ் நித்தி' யார் என்று சொல்லிவிட வேண்டும். அகதியாக வந்த வருஷத்தில் ஏதோ ஒரு அலுவலகம் குடும்பப் பெயர் கேட்டது. சிவமலரின் குடும்பத்தில் அப்படி ஒன்று இல்லாததால் அப்பாவின் பெயரை எடுத்து அந்த இடத்தில் போட்டது. பண்ணையில் அது நீளம் கூடிப்போயிற்று என்று பாதியில் வெட்டினார்கள். உயிரோடு இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியைத் தாண்டாத நித்தியானந்தன், செத்த பிறகு ஜெர்மனியில் பன்னிரண்டு வருஷமாக லத்தி அள்ளிக்கொண்டிருந்தார். சிவமலர் என்று ஒருத்தி இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

பெப்ரவரியில் விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. ஆஹென் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் உதய் என்ற கோயம்புத்தூர்க்காரர், குதிரைகளின் களைப்பை முன்கூட்டியே கணிக்கும் ஓர் ஆப் தயாரித்திருந்தார். குதிரைக்குப் பக்கத்தில் போக மட்டும் அவருக்குப் பயம்.

"குதிரையை நேர்ல பார்க்கணும்னு அவசியமே இல்லக்கா. டேட்டா இருந்தா போதும்," என்று கொட்டில் கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னார்.

"அதுவும் சரிதான் தம்பி. டேட்டா உதையாது."

"குதிரை டாக்டர் ரெஸ்ட் ஆர்டர் போட்டா, அதை யாரும் மீற முடியாதுக்கா. மீறினா மொத்தப் பண்ணையும் ரெட் ஆயிடும். இந்த சீசன் முழுக்க ஒரு குதிரைக்கும் போட்டிக்கு என்ட்ரி போகாது. மேடமே கேட்டு வாங்கின ஃபீச்சர்!"

பண்ணையில் உள்ள எல்லோரையும் பதிய வேண்டும், ஊழியர்கள் உட்பட, என்பது ஸ்பெயினிலிருந்து வந்த கட்டளை. உதய் டாப்லெட்டை சிவமலரின் கையில் கொடுத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். மூக்குக்கண்ணாடி வீட்டில். சிவமலர் எழுத்துகளை இரண்டு விரலால் பெரிதாக்கினார். அப்போது மேலே இருந்த தலைப்பும் படமும் திரையை விட்டு ஓடிப்போயின.

முதல் படிவம் மூன்றே கேள்விதான் கேட்டது. முதற்பெயர், குடும்பப் பெயர், வேலை நேரம். சிவமலருக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. நிரப்பாமலே விரலால் தள்ளினார். அடுத்த படிவத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பெயர். தந்தை பெயர். தாய் பெயர். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்த நாடு கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய ஒழுங்கில் கேட்டது! நித்தியானந்தனைத் தூக்கி அவருக்குரிய இடத்தில் மரியாதையாக உட்கார வைத்தார். ஆணா பெண்ணா என்ற இடத்தில் சின்னங்கள் மட்டும் இருந்தன, பெண்ணுக்குரிய சின்னத்தைத் தொட்டார். நிறம் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். அம்மா கடைசிவரை "பிள்ளை மாநிறம்" என்றுதான் சாதித்தார். அரசாங்கக் காரியம், பொய் கூடாது என்று கரும்பழுப்பைத் தெரிவு செய்தார். எங்கே வலி? வலது முழங்கால். வாரத்தில் எத்தனை நாள் வேலை? ஆறு. கடைசிப் போட்டிக்குப் பிறகு ஓய்வு நாட்கள்? பூச்சியம். ஒரு நாளில் சுமக்கும் பாரம்? வாளிகளைக் கணக்குப் பார்த்து எழுதினார்.

பத்து நிமிஷத்தில் டாப்லெட் சிவந்து அலறியது. உதய் ஓடிவந்து அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். திரையில் ஒரு பக்கம் ஸ்பெயினில் வெயில் கண்ணாடியோடு ஃபிரவ் ஹாகமைஸ்டர், மறுபக்கம் குதிரை மருத்துவர் டாக்டர் ப்ரிங்க்மன். சிவமலர் பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"யார் இந்தச் சிவமலர்?" என்றார் டாக்டர்.

"புதிய பெண் குதிரையாக இருக்கும். என் கணவர் சொல்லாமல் வாங்குவது வழக்கம்தான்."

"தந்தை நித்தியானந்தன். கேள்விப்படாத வம்சம்."

"கீழைத்தேச இரத்தம், டாக்டர். வேகம் குறைவு, ஆனால் நன்றாக உழைக்கும்."

சிவமலரின் விளக்குமாறு நின்றுபோயிற்று.

டாக்டர் கீழே படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. "வீங்கிய முழங்காலோடு வாரம் ஆறு நாள் வேலையா? ஒரு நாள்கூட ஓய்வில்லையா? தினமும் இவ்வளவு பாரமா? அம்மணி, இது சித்திரவதை! செய்தவர் யாரென்று சொல்லுங்கள், இன்றைக்கே போலீசுக்கு எழுதுகிறேன்!"

ஃபிரவ் ஹாகமைஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "வாயில்லா ஜீவனுக்கு இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வந்ததோ! அவர்களைச் சிறையில் போட வேண்டும்."

டாக்டர் அங்கேயே கையெழுத்திட்டார். மூன்று வாரம் பூரண ஓய்வு. ஸ்கேன் நாளைக் காலை எட்டு மணிக்கு.

"ஃபிரவ் நித்தி!" என்று ஸ்பெயின் கூப்பிட்டது. "பெரிய கொட்டிலைத் துப்புரவாக்கி வைக்கோலை நன்றாக நிரப்புங்கள். சிவமலர் ஓர் அடிகூட வீணாக எடுத்து வைக்கக் கூடாது. பொறுப்பு உங்களுடையது!"

சிவமலருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தன் முழங்காலுக்காக யாரோ இவ்வளவு கோபப்பட்டதைக் கேட்க, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆசையாகவே இருந்தது. வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, காற்சட்டையை மடித்து, காலைத் திரைக்கு நேரே நீட்டினார்.

"சிவமலர் நான்தான்."

"ஐயோ அக்கா! நீங்க ஃபில் பண்ணினது குதிரை ஃபார்ம்!" என்று உதய் தலையில் கை வைத்தார்.

"எனக்கென்ன தெரியும் தம்பி? அப்பாவின்ரை பேரை அப்பாவின்ரை இடத்திலை கேட்டுது. எங்கை நோகுது எண்டும் கேட்டுது. மனிசருக்கான ஃபோர்ம் எண்டு நினைச்சிட்டன்."

விஷயம் விளங்கியதும் ஃபிரவ் ஹாகமைஸ்டர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! ஒரு நிமிஷம் பயந்தே போய்விட்டேன். உண்மையிலேயே ஒரு குதிரைக்குத்தான் இப்படி நடந்துவிட்டதோ என்று! டாக்டர், உத்தரவை நீக்கிவிடுங்கள்."

டாக்டர் திரைக்குக் கிட்ட வந்து முழங்காலை உற்றுப் பார்த்தார். "ஸ்கேனை நீக்குகிறேன். எங்கள் இயந்திரத்துக்கு நாலு கால் வேண்டும். ஓய்வை நீக்க முடியாது. நான் கையெழுத்திட்டது முழங்காலுக்கு. முழங்காலை இப்போது கண்ணாலும் பார்த்துவிட்டேன். அது எந்த ஜீவனோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்பது என் துறை அல்ல."

"அப்படியானால் இவரை ஊழியர் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள், உதய்."

உதய் கணக்குப் போட்டார். மாற்றலாம். ஊழியர் படிவத்தில் வலிக்கும் ஓய்வுக்கும் இடமே கிடையாது, இரண்டும் தானாக அழிந்துவிடும். ஒரேயொரு சிக்கல், ஜெர்மன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். குதிரையின் விவரத்தை யாரும் மாற்றலாம். மனிதருடையது என்று தெரிந்துவிட்டால் அவருடைய சம்மதம் இல்லாமல் தொட முடியாது. திரையில் பச்சைப் பொத்தான் ஒன்று தோன்றியது.

"ஒரு தடவை தொட்டால் போதும், ஃபிரவ் நித்தி," என்று ஃபிரவ் ஹாகமைஸ்டர் தேன் ஒழுகச் சிரித்தார். "மார்ச் மாத ஒப்பந்தத்தைப் பற்றியும் நாம் பேச வேண்டும் அல்லவா?"

சிவமலர் டாக்டரைப் பார்த்தார். "சிகிச்சையில் இருக்கும் குதிரையைப் பண்ணையிலிருந்து அனுப்பலாமா, டாக்டர்?"

"முழுக்கக் குணமாகும்வரை நான் அனுமதிக்கவே மாட்டேன்."

"அக்கா, அதை மட்டும் அமுக்குங்க, ப்ளீஸ்," உதய் கெஞ்சினார். "உடனே மனுஷி ஆயிடுவீங்க."

சிவமலர் காற்சட்டையை இறக்கிவிட்டு, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. இந்த நாட்டிலை முப்பது வருசம் மனிசியா இருந்து பாத்திட்டன். ஒரு மூண்டு கிழமை குதிரையா இருந்திட்டு வாறன்."