ஆயிரத்து நானூறு நாள் கண் மூடாத சர்வர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம், உன் மாமா நலம், எங்கள் சின்ன அறையில் நீ நிறுவிவிட்டுப் போன யூனிக்ஸ் சர்வரும் இந்த நிமிஷம் வரை நலம். நீ நலமா என்பதை இதைப் படித்து முடித்தபிறகு எழுது. போனிலேயே சொல்லியிருக்கலாம், சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே வருவாய். கடிதத்துக்குக் குறுக்கே வர முடியாது.

அதில் ஒன்றுக்கொன்று நகலாக இருக்கும் இரண்டு டிஸ்க்கில் மேல் டிஸ்க் செத்துப்போய், நீ கூரியரில் அனுப்பிய புது டிஸ்க்கை நான் மாட்டியது உனக்குத் தெரியும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை உருவி, புதியதைச் செருகி, நீ சொன்னதைத் தட்டியதும் கீழ் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் மேலே நகலாக ஆரம்பித்தது. மூன்று மணி நாற்பது நிமிஷம். நான் எதிரில் உட்கார்ந்து பிரார்த்தனை சொன்னேன், உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விட்டார், யாருடைய பலனோ பச்சை விளக்கு வந்தது. "முடிஞ்சிருச்சுக்கா, இனிமே அது மேல கையே வைக்காத. ஆயிரத்து நானூறு நாளா அணையாம ஓடுது, தெரியும்ல" என்றாய். தெரியாமல் என்ன? நான்கு வருஷமாக எந்தப் போனிலும் முதலில் அந்த நாள் கணக்கைத்தானே சொல்கிறாய். அக்கா பிறந்த நாள் உனக்கு நினைவில்லை, அது பிறந்த நாள் மட்டும் தப்புவதில்லை.

நானோ கூட்டலைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் நோட்டை மூடாதவள். புது டிஸ்க் மாட்டியிருக்கிறதே, ஒரு தடவை அணைத்து எழுப்பிப் பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அன்றைய வேலையெல்லாம் முடிந்தபிறகு, முறைப்படி அணைத்தேன். முறைப்படி போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம். இரண்டு டிஸ்க்கை வயிற்றில் வைத்துக்கொண்டு இல்லை என்கிறது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பட்டினி என்று சொல்லும் உன் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது.

நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பிரார்த்தனைக் குழு தினமும் காலை ஆறு மணிக்குத் தனியாக வாழும் நாற்பத்தொரு வயசாளிகளைக் கூப்பிட்டு, எழுந்தாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்கிறது அல்லவா? யாருக்கு யார் போன் செய்வது, யாருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியலை ஐந்தரைக்கு அச்சடித்துத் தருவது அந்த மெஷின்தான். அடுத்தவர் நோய் ஊருக்குத் தெரியக்கூடாது என்று அன்றன்றைய தாளை நானே கிழித்துவிடுவேன். ஆக, மறுநாள் காலைக்கு எல்லாம் அதற்குள், அது எழாமல்.

குழுவில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். நினைவிலிருந்தே பட்டியல் எழுதிவிடலாம் என்று கிளம்பிய ஏழு பேரும், சரிபார்க்கிறேன் என்று, ஆளாளுக்குப் போனை எடுத்துவிட்டார்கள். தையல்கார ஐயாவை மட்டும் மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது தடவை அவர், "ஏம்மா, நான் செத்துட்டேனா? எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க" என்றாராம். இத்தனை செய்தும், எல்லாருடையதையும் சேர்த்து எழுதினால் நாற்பது பெயர்தான் வருகிறது. நாற்பத்தோராவது ஆள் யார் என்று ஒருத்திக்கும் நினைவில்லை. அந்த ஓர் ஆளை நாளைக் காலை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்ததும் உனக்குப் போன் மேல் போன் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு நீ போனை எடுத்தாய். மீட்டிங்கில் இருந்ததால் கிசுகிசுத்தாய்.

"யாருக்கா உன்ன அணைக்கச் சொன்னா?"

"எழுந்திருக்கத் தெரியாதத எத்தன நாளைக்குடா தூங்கவிடாம வெச்சிருப்ப?" என்றேன். அப்புறம்தான் உண்மை வந்தது. எழுப்பிவிடுவதற்கென்று டிஸ்க்கின் ஓரத்தில் பூட் பிளாக் என்று ஒரு துளி இருக்கிறதாம். மற்றதெல்லாம் நகலாகும்போது அது கூட வராதாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனியாக எழுதவேண்டுமாம். செத்த டிஸ்க்கில் எழுதியிருந்தாய். கீழ் டிஸ்க்கில், நான்கு வருஷத்துக்கு முன், அவசரத்தில் மறந்துவிட்டாய். ஆயிரத்து நானூறு நாள் பெருமையில் அது வெளியே தெரியாமலே போயிற்று. மெச்சினேன் தம்பி.

மீட்பு சிடி எந்த உறையில் என்று கேட்டால், "மேல எழுதியிருக்கும்" என்றாய். எழுதியிருந்தது. உன் கையெழுத்தில், "தேவைப்படாது" என்று. அதைப் போட்டு மெஷினைக் கிளப்பி, பூட் பிளாக் எழுத நீ சொன்ன கட்டளையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, உன் மாமா ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க நான் தட்டினேன். ஒரு டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு வரி. "இதுக்குப் பேரு கட்டளையா? யாரோ தும்மின மாதிரி இருக்கு" என்றார். சிடியை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டேன். நாலு மணிக்கு எழுந்தது.

உடனே பட்டியலை அச்சடித்தேன். நாற்பத்தோராவது ஆள், மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் அம்மா. எது கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்வார். அதனால்தான் யார் நினைவிலும் தங்கவில்லை. மறுநாள் வரை பொறுக்காமல் அப்போதே கூப்பிட்டேன். "ம்" என்றார். வைக்கப்போகும் நேரத்தில், "இன்னிக்கு ரெண்டாவது தடவ கூப்பிடுறீங்க" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது தம்பி. தையல்கார ஐயாவுக்கு ஒன்பது போய்ச் சேர்ந்திருக்கிறது, இவருக்கு இரண்டே பெரிசாக இருக்கிறது. இனி தினமும் சாயங்காலமும் ஒரு போன் என்று முடிவுசெய்துவிட்டேன்.

ஆகவே, பெரிய கம்பெனியில் சர்வர் பார்க்கும் தம்பி, எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் செய்தோமா என்று பார்க்கும் பழக்கத்தை உன் அக்காவிடம் கற்றுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ஞாபகசக்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், கீழ் டிஸ்க்கும் தனியாக எழுகிறது என்று உனக்கு எழுதிப் பெருமை அடிக்கலாமே என்று, மேல் டிஸ்க்கை உருவிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை, அதே வரி. பதறாதே, மேல் டிஸ்க்கைத் திரும்பச் செருகியதும் எழுந்துவிட்டது. குறித்த தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வரியிலும் மேல் டிஸ்க்கின் பெயரையே எழுதியிருக்கிறேன். பாவம் உன் மாமா, இருந்ததை இருந்தபடி வாசித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சரியான வரியைச் சொல். மெதுவாகச் சொல், அவர் பக்கத்தில் இருப்பார். மேலே எழுதியதில் ஆசீர்வாதம் மட்டும் நிற்கட்டும், மற்றதை அடித்துவிடு.