நேரில் வர வேண்டும்

"படுத்த படுக்கையா கெடக்கிற நோயாளி, வீட்டுக்கு நர்ஸ் வேணும்னு கேக்க நேர்ல வரணுமாம்! இதை எழுதின புண்ணியவானுக்கு மண்டையில மூளையா, களிமண்ணா?" என்று கொதித்தார் எழுத்தர்.

துறைகள் எழுதும் விதிகளில் ஓட்டை தேடும் நாடாளுமன்றக் குழுவில் அவருக்கு இருபது வருட வேலை. ஓட்டை கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு தனி ருசியாக இறங்கும். ஆனால் இந்த விதி அவர் சொந்தத்துக்குள்ளேயே வந்து நின்றது. அக்கா புருஷன் வாதத்தில் விழுந்து ஏழு மாதம். அவரைப் புரட்டிப் புரட்டியே அக்காவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"விண்ணப்பம் வாங்கி வெச்சிருக்கேன்டா. நாளைக்குப் போய்க் குடுத்துடட்டா?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"அவசரப்படாதக்கா. அத்தானைத் தூக்கிட்டா போவே? நான் விதியையே மாத்திடறேன்."

ஆட்சேபக் குறிப்பு நாலு பக்கம் எழுதினார். முதல் கூட்டத்துக்கு ஐந்து உறுப்பினர்களாவது வேண்டும். வந்தது மூன்று பேர். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒருவழியாக ஆட்சேபம் நிறைவேறியது. துறையும் மளமளவென்று திருத்தி அனுப்பியது: 'நேரில் வர இயலாத நோயாளி, அதை நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும்.'

"அடக் கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி ஆட்சேபம், திருத்தத்தைச் சபையில் வைத்து நாற்பது நாள் காத்திருப்பு.

"இன்னும் எத்தனை நாள்டா?" மறுபடி போன் செய்தாள் அக்கா. "நேத்து அவரோட சேர்ந்து நானும் விழுந்துட்டேன்."

"இதோ முடிஞ்சிடும்க்கா."

முடிந்தது. 'நோயாளி சார்பில் எவரும் விண்ணப்பிக்கலாம்.' குறை சொல்ல ஒரு காற்புள்ளிகூட இல்லை. அந்தத் தாளோடு அக்கா வீட்டுக்கு ஓடினார். வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தான் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குனிந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா. எழுத்தர்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பதினைந்து நாள் கழித்தும் ஆறவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க, நர்ஸ் அனுப்பும் அலுவலகத்துக்கே போனார்.

"எழுந்து நிக்க முடியாதவரை நேர்ல வரச் சொன்னீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?"

கவுன்டரில் இருந்த பெண் பதறிப்போனாள்.

"ஐயோ சார், நாங்க ஒருத்தரையும் வரச் சொன்னதில்ல, நாங்களே வீட்டுக்குப் போய்க் கைரேகை வாங்கிட்டு, மறுநாளே நர்ஸை அனுப்பிட்டிருந்தோம். யாரோ ஒரு மகராசன் விதி சரியில்லன்னு ஆட்சேபம் எழுதினாரு, அன்னையிலருந்துதான் புது விதி வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க."