ஓரத்தில்தான் வெட்டினேன்

என்னிடம் யாரும் எதையும் சரிபாதியாகப் பிரித்துத் தரச் சொல்வதில்லை. தேங்காய் பத்தையோ பிறந்தநாள் கேக்கோ, என் கையில் கத்தியைக் கொடுக்கும் முன் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. எண்பதுகளின் நடுவில் (பாருங்கள், இங்கேயும் நடு வந்து நிற்கிறது) நான் செய்த காரியம் அப்படி.

அப்போது தர்மபுரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஏரியூர் பக்கம் எங்கள் ஊர். கல்லூரியில் புதிதாக மலையேற்றக் குழு ஆரம்பித்து, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பயிற்சிக்கு அழைத்து வந்தார்கள். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். சனிக்கிழமை ஒகேனக்கல் போகும் வழியில் ஒரு பாறையில் தேர்வு. அதில் தேறும் ஒரே ஒரு பெண்ணை இமயமலைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அந்த ஒரே ஒரு பெண் நான்தான் என்று நானே முடிவு கட்டி, ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார்கூட என்னிடம் குளிர் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். நானும் ஏதோ நேற்றுத்தான் அங்கிருந்து இறங்கி வந்தவள் மாதிரி பதில் சொன்னேன்.

குழுவுக்கு இருந்த நல்ல நைலான் கயிறு ஒன்றே ஒன்று. நூற்றிருபது அடி. கல்லூரி ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை என்பதால், பொறுப்பான பெண் என்று நம்பி (ஐயோ பாவம்) மாஸ்டர் அதை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். கயிற்றின் நடுவில் அடையாளம் வைக்க வேண்டும். நடுவை மேலே இரும்பு வளையத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத்தான் பாறையில் இறங்குவார்கள். நடு தப்பினால் ஒரு பக்கம் தரைக்கு எட்டாது. பெயிண்ட் அடிக்கக் கூடாது, அது நைலானைத் தின்றுவிடும். ஊசி குத்தக் கூடாது. கலர் நூலை மேலாகச் சுற்றிக் கட்ட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். களத்தில் கயிற்றைப் போட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, மடிப்பு விழுந்த இடம்வரை தடவிக்கொண்டே போய் நடுவைக் கண்டுபிடித்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட் மீதி இருக்கிறதே, அதில் ஒரு இழுப்பு இழுத்தால் போகிறது என்றார் அப்பா. அவருக்கு நான் எடுத்த வகுப்பில் மனுஷன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே போய்விட்டார். பிறகு சிவப்பு நூலை இழை பிசகாமல் சுற்றினேன். புதன்கிழமை மாஸ்டர் நுனிகளைச் சேர்த்துச் சரிபார்த்தார். ஒரு விரல்கடைகூடத் தப்பவில்லை. எல்லார் எதிரிலும் சபாஷ் என்றார். அன்றைக்குக் கயிற்றோடு வீடு திரும்பிய பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு பெருமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சனி பிடித்தது. எங்கள் வீட்டில் ஒரு காளைக்கன்று. எந்தக் கயிற்றில் கட்டினாலும் அறுத்துக்கொண்டு நேராகப் பக்கத்துக் காட்டு நிலக்கடலையில்தான் போய் நிற்கும். அன்றைக்கும் நின்றது. காட்டுக்காரர் வந்து அப்பாவைப் பேசாத பேச்சில்லை. அப்பா தலையைக் குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் என் கயிற்றை ஒரு பார்வை பார்த்தார். கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

நூற்றிருபது அடியில் பதினாறு அடி போனால் என்ன குறைந்துவிடும்? அதுவும் என் அடையாளத்துக்கு ஆபத்தில்லாமல், ஒரு நுனியில் இருந்து வெட்டி அப்பாவிடம் கொடுத்தேன். வெட்டிய பிறகு நடுவில் சுற்றிய நூல் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன். இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். (கணக்குப் பாடத்தில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு.)

சனிக்கிழமை ஐம்பதடிப் பாறை. கீழே கல்லூரி முதல்வர், ஆசிரியைகள், மாணவிகள், சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் பிடித்து வந்த அப்பா. மாஸ்டர் மேலே என் இடுப்பில் தன் பழைய கயிறு ஒன்றைக் காப்புக் கயிறாகக் கட்டி, அதை அவரே பிடித்துக்கொண்டார். புதன்கிழமைதான் சரிபார்த்தோமே என்று சிவப்பு நூலை வளையத்தில் வைத்து, இரண்டு பக்கத்தையும் கீழே வீசச் சொன்னார். அடியில் இருந்த உண்ணிச்செடிப் புதரில் நுனிகள் மறைந்துவிட்டன.

முதல் ஆளாக இறங்கினேன். கீழே கைதட்டினார்கள். பாதியில் ஒரு கையை எடுத்து முதல்வருக்கு வணக்கம் வேறு வைத்தேன். தரைக்கு ஆறடி இருக்கும்போது ஒரு பக்கக் கயிறு கையை விட்டு நழுவிப் போனது. காப்புக் கயிறு சுண்டி இழுக்க, நான் கோணிப்பையாகப் பக்கவாட்டில் தொங்கிச் சுற்ற ஆரம்பித்தேன். காணாமல் போன சாமானுக்கு அந்தோணியாரைக் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எனக்குக் காணாமல் போனது நடு. கூப்பிட்டேன்.

என்ன ஆச்சு, கயிறு ஏன் எட்டவில்லை என்று மேலே இருந்து மாஸ்டர் கத்தினார். யாருக்கும் தெரியவில்லை. அப்போது அப்பா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பப் பணிவாக அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"பதினாறு அடி பத்தலீங்க. மிச்சம் எங்க வூட்ல கன்னுக்குட்டி கழுத்துல கெடக்குது. போயி அவுத்தாரட்டுங்களா?"

பாறை எதிரொலிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனை சிரிப்பு.

என்னை இறக்கிவிட்டு, மாஸ்டர் கீழே வந்து கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தார். மடிப்பு ஓர் இடத்தில், என் சிவப்பு நூல் எட்டடி தள்ளி வேறோர் இடத்தில். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சத்தியமாக நம்பித்தான் சொன்னேன்:

"சார், நடுவுல நான் கையே வெக்கல சார். ஓரத்துலதான் வெட்டுனேன்."

அவர் திட்டவில்லை. காலையில் மறுபடி மடித்துப் பார்க்காதது தன் தப்பு என்று முதல்வரிடம் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இமயமலைக்கு என் சிநேகிதி விஜயா போனாள். (ஸ்வெட்டர் என்னுடையது.) திரும்பும் பஸ்ஸில் பென்னாகரம்வரை அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மீன் வறுவலை ஊட்டாத குறையாக நீட்டிக்கொண்டே வந்தார். அழுகையோடு நாலு துண்டு சாப்பிட்டேன்.

அந்தக் கன்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கயிறு அறுக்கவில்லை. என் கல்யாணத்தில் கேக் வெட்டக் கத்தியை எடுத்தபோது, "நடுவுல கை வெக்காத கண்ணு, ஓரத்துல வெட்டு" என்று அப்பா கூட்டத்தில் இருந்து குரல் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் முழிக்க, அவர்களுக்குக் கதை சொல்லவே மேடையேறினார். முடித்துவிட்டு ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். அதே பதினாறு அடி நைலான் கயிறு. பெயிண்ட் விஷயத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தில், நான் வெட்டிக் கொடுத்த அன்றைக்கே அதன் நடுவில் கொம்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தாராம்.

பட்டுப் புடவையோடு நின்றபடியே நுனிகளைச் சேர்த்து மடித்துப் பார்த்தேன். நாலு விரல்கடை தள்ளியிருந்தது.

"அப்பா, நடு தப்புதே?"

அவர் ஒரு நுனியை வாங்கிப் பார்த்தார். மென்று துப்பிய மாதிரி பிசிர் பிசிராக இருந்தது.

"அது ஒண்ணுமில்லம்மா. கன்னுக்குட்டியும் ஓரத்துலதான் கடிச்சிருக்குது."