கேட்டுச்சொல்றேன் சாரும் வாயில்லாத மெஷினும்

"இதுக்கு மூளை இருக்கு சார், வாய்தான் இல்ல," என்றார் கடைக்காரர்.

உள்ளங்கை அளவு இருந்த அந்த ஆர்கனைசரைக் கண்ணாடி மேஜைமேல் மல்லாத்திப் போட்டு, நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். விலாசம் வைத்துக்கொள்ளும், கணக்குப் போடும், நாள் நட்சத்திரம் சொல்லும். ஆனால் போன் பேசாது.

"வாய் வைக்கணும்னா ரெண்டு வழி. இதோட முதுகுல மாட்டுற போன் ஒண்ணு இருக்கு. இல்லாட்டி ஒரு செல்போன் வாங்கி இதுக்கு எதிர்ல வைங்க. கண்ணுக்குத் தெரியாத கதிர் வழியா ரெண்டும் சேர்ந்துக்கும். எதை வாங்கினாலும் டேட்டாவுக்குத் தனி இணைப்பு. எதைக் கட்டட்டும்?"

"கேட்டுச் சொல்றேன்," என்றார் மெஷினைக் கொண்டுவந்தவர்.

பக்கத்தில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊர் ஊராய்ப் போய்த் தண்ணீர்க் குழாய் விற்கிற அவருக்கு வியாபாரிகள் வைத்த பெயரே அதுதான். தள்ளுபடி உண்டா என்றாலும் சரி, சரக்கு எப்போது வரும் என்றாலும் சரி, "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று பக்கத்துப் பொதுத் தொலைபேசிக்கு ஓடுவார். நாற்காலி போட்டால்கூட, உட்காரலாமா என்று முதலாளியைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார் என்று வாய்த்துடுக்கான ஒரு வியாபாரி சொன்னது முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. மேலிடத்தைக் கேட்காமல் சுண்டுவிரலையும் அசைக்காதது தன் உயர்ந்த குணம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

போன வாரம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, இவர் ஒருவர் கையில் மட்டும் அந்த ஆர்கனைசரைக் கொடுத்தார். "இனிமே என்ன சந்தேகம் வந்தாலும் இதுல எழுதி வைங்க. திரும்பி வந்ததும் நிதானமா பேசிக்கலாம்."

விற்பனை மேலாளர் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. அவரிடம் வேலை பழகியவர்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு நிறையவே உண்டு.

"வெளியூர்ல இருந்து இந்த மெஷின்லயே கூப்பிட்டேன்னு வை, முதலாளி அசந்து போயிடுவாரு."

"பேசணும்னு நெனச்சிருந்தா அவரே போனோட வாங்கிக் குடுத்திருக்க மாட்டாரா?" என்றாள் மனைவி.

"அவருக்கு ஏது நேரம்? முதல் குரல் இதுலதான் போகணும். அதுவரைக்கும் வேற போனைத் தொடமாட்டேன்."

சபதம் போட்ட கையோடு செல்போன் வாங்கினார். ரெண்டு வழியில் எது என்று மனைவியைக் கேட்டார், அவள் கைகாட்டியதை வாங்கினார். கேட்க வேறு ஆள் இல்லை.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் செல்போனையும் ஆர்கனைசரையும் எதிரெதிரே வைத்தார். இரண்டும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. நூல் பிடித்தாற்போல நேராக வைத்தால் ஒரு நொடி பார்த்துக்கொண்டன. மனைவி தண்ணீர்க் குவளையை வைத்தாள், உறவு அறுந்தது.

"மேஜையை ஆட்டாதே!"

"அப்போ நாங்க எங்க சாப்பிடறது?"

"தரையில."

அன்று எல்லோரும் தரையில் சாப்பிட்டார்கள். அவருக்கு மட்டும் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகவே வந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு முழங்காலில் செல்போன், மறு முழங்காலில் ஆர்கனைசர். ஒரு பள்ளத்தில் செல்போன் முன்னிருக்கை அம்மாளின் கூடைக்குள் போய் விழுந்தது. அதை எடுக்கக் கையை விட்டவர் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

வழியில் இறங்கி, அந்த ஊர்க் கடையில் செல்போனை விற்றுத் தள்ளிவிட்டு முதுகுப் போனை மாட்டினார். மாட்டியதும் மின்சாரம் ஏற்றும் துளையை அது கச்சிதமாக மூடிக்கொண்டது. மறுநாள் ஆர்கனைசர் பட்டினியில் உயிரை விட்டது. முதுகுப் போனைக் கழற்றி மின்சாரம் ஏற்றி, மறுபடி உயிர் வந்தபோது உள்ளே ஒரு விலாசம்கூட இல்லை. பிறந்த குழந்தையாய்ச் சுத்தமாக இருந்தது.

"இணைப்பு இன்னும் திறக்கல சார். இந்த நம்பர்லேருந்தே எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க, திறந்துடுவோம்," என்றார் அந்த ஊர்க் கடைக்காரர்.

"திறந்தாத்தானே போன் பண்ண முடியும்?"

"நல்ல கேள்வி சார். கேட்டுச் சொல்றேன்."

இதற்கிடையில் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

"தள்ளுபடி உண்டா?" என்றார் ஒருவர்.

கேட்டுச் சொல்ல வழியில்லை. சபதம் வேறு. "உண்டு," என்று சொல்லித் தொலைத்தார்.

"சரக்கு எப்போ?"

"அடுத்த வாரம்."

வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். பிறகு, அவர் மனம் மாறுவதற்குள் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்படியே அடுத்தடுத்த கடையிலும் நடந்தது. ஆர்டர்களை உடனுக்குடன் தபாலில் அனுப்பினாலும் மேலிடத்தைக் கேட்காமல் செய்த பாவம் அவர் நெஞ்சை அரித்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு ஹோட்டல் கட்டடத்துக்கு மொத்தக் குழாயும் ஆர்டர் கிடைத்தது. அதே நேரம் மெஷின் பீப் என்று கத்தியது. இணைப்பு திறந்துவிட்டது! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

ஆர்கனைசரைத் தட்டு மாதிரி தூக்கிக் காதில் அழுத்தினார். கன்னம் திரையில் பட்டு இரண்டு தடவை அறுந்தது. கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூன்றாம் தடவை கூப்பிட்டார். ஆபீஸ் ஆபரேட்டரம்மா எடுத்தாள்.

"ஹலோ! நான்தான்! மெஷின்லேருந்து பேசறேன்!"



"சார்... நீங்களா?"

"நானேதான்! முதலாளிகிட்ட குடும்மா. ஆர்டர்ல நீல மையில கையெழுத்துப் போடலாமா, கறுப்புலதான் போடணுமா, ஒரு சின்ன சந்தேகம்."

"யாரும்மா அது?" என்ற முதலாளியின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

"அவர்தான் சார்," என்றாள் ஆபரேட்டர்.

தொடர்ந்து, சர்ரென்று ஒரு சத்தம்.

"என்னம்மா சத்தம்? லைன்ல கோளாறா?"

"லைன் நல்லாத்தான் இருக்கு சார். அது உங்களை மேனேஜர் ஆக்குற உத்தரவு. வாரம் பூரா போனே வரல, ஆர்டர் மட்டும் வந்துதுன்னு இப்பத்தான் முதலாளி அதுல சந்தோஷமா கையெழுத்துப் போட்டாரு. இப்போ கிழிக்கிறாரு."

"ஏம்மா? அவர் குடுத்த மெஷின்லதானே பேசறேன்!"

ஆபரேட்டரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அதான் சார் கஷ்டமா இருக்கு. எவ்வளவு அலைஞ்சாலும் பரவாயில்ல, போன் பேசவே முடியாத மெஷினாப் பாத்து வாங்கிட்டு வான்னு அவர் கடைக்கு அனுப்பினதே என்னைத்தானே!"