ஆனிக் கடைசியில் ஒரு ஏர் பில்டர்

ஆனி மாதத்தின் கடைசி நாள், காலை எட்டு மணி. ஆனைமலைக்குப் பக்கத்தில் அந்தத் தோப்பு வீட்டு வாசலில் இருந்தவர்கள்: தோப்புக்காரர் காளிச்சாமி, அவர் மனைவி நாச்சியம்மாள், பெட்டியோடு புறப்பட்டு நின்ற மகள் மாரியாத்தாள், அவளைக் கோயமுத்தூருக்குத் திரும்பக் கூட்டிப் போக முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்ட மருமகன் திருமூர்த்தி, இரண்டு எருமைகள். திருமூர்த்தியின் மோட்டார் சைக்கிளும் இருந்தது. கிளம்பத்தான் இல்லை.

உதைத்தான். இருமியது. மறுபடி உதைத்தான். நின்றே போனது.

"நேத்து நல்லாத்தானுங்க வந்துச்சு?" என்றார் காளிச்சாமி.

"உங்க ரோட்டுல வந்துச்சுங்க மாமா. அதான்."

மாரியாத்தாள் பிறந்த வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிவிட்டது. அவளுடைய இட்லிச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி திருமூர்த்தி வண்டிச் செயினை ஊறப் போட்டான். அன்றைக்கே கிளம்பிவிட்டாள். "நல்லாக் கழுவித்தானே வெச்சேன்?" என்று அன்று கேட்டவன், இன்னும் பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். இருபது நாளாக ஓட்டல் சாப்பாடு. வயிறு கெட்டுக் கிடக்கிறது.

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் அந்த வீட்டில் பெண்ணை அனுப்பமாட்டார்கள். விளக்கு வைத்த பிறகும் அனுப்பமாட்டார்கள். அதற்குள் வண்டி கிளம்பாவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஓட்டல் சாம்பார்.

திருமூர்த்தி பம்புசெட் கம்பெனியில் பிட்டர். வண்டியைப் பழையதாக வாங்கி மூன்று மாதம்தான். இன்ஜினுக்குப் போகிற காற்றில் புழுதியை வடிகட்டும் ஏர் பில்டரை இதுவரை திறந்ததில்லை. ஆனால் அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறான். இப்போது தகர மூடியைக் கழற்றினான். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு உருண்டை.

"பாத்தீங்களா மாமா! உங்கூர் ஆனிக் காத்துப் புழுதி. சீமைச் சரக்கை என்ன பாடு படுத்தியிருக்குது!"

"அது இல்லாமயே ஓட்டுனா ஓடாதுங்களா மாப்பிள்ளெ?"

திருமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புழுதி நேரா இன்ஜினுக்குள்ள போகுமுங்க! நாப்பது மைலு! தெரியாததைச் சொல்லாதீங்க."

மண்ணெண்ணெயில் போட்டு அலசினான். கறுப்பு வந்துகொண்டே இருந்தது. மூன்று முறை மாற்றினான். வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுதும் தீர்ந்தது. உருண்டை வெளுத்த பாடில்லை.

"இத்தனை அழுக்கை எந்த ரோட்டுலயும் பாத்ததில்லைங்க. பஞ்சாயத்துன்னு ஒண்ணு எதுக்கு இருக்குது?"

"காயறதுக்கு நான் வேணா ஊதித் தரட்டுங்களா?" என்றாள் மாரியாத்தாள்.

"இதென்ன அடுப்பா, ஊதறதுக்கு?"

என்றவன், மணி பத்தாகிவிட்டதைப் பார்த்து, அதை அடுப்போரமே கொண்டுபோய் வைத்தான். குப்பென்று பிடித்தது. தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்குள் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சியது.

"அடுப்படியில தீயை இவ்வளவு வெச்சா எப்படிங்க அத்தை?" என்று மாமியாரிடம் சத்தம் போட்டான்.

"நான் சோறாக்க வெச்ச தீயிங்க," என்றாள் நாச்சியம்மாள்.

பஸ் பிடித்துப் பொள்ளாச்சிக்குப் போனான். மூன்று கடை ஏறி இறங்கினான். மூன்றாவது கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "மெட்ராசுக்கு எழுதிப் போட்டாப் பதினஞ்சு நாள்ல வந்துருமுங்க."

"எனக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள வேணும்!"

"அப்ப மெட்ராஸ்லதான் நீங்க குடியிருக்கோணும்."

நாலரை மணிக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். காளிச்சாமி தோப்பைக் காட்டினார்.

"நாருக்கா நமக்குப் பஞ்சம்? ரெண்டு மட்டையை உரிச்சு, எண்ணெயில நனைச்சு உள்ளார வெச்சுப் பாருங்களே."

"மாமா, நான் பிட்டருங்க. அந்தச் சாமானைக் கையில பிடிச்சவன் நானு. அதோட இழையே வேற. அதும் தேங்கா நாரும் ஒண்ணுங்களா?"

ஐந்தரைக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. நாரை உரித்து, எண்ணெயில் தோய்த்து, கெட்டியாகத் திணித்தான். வண்டி மூச்சே விடவில்லை. கொஞ்சம் பிடுங்கிப் போட்டான். ஒரு முறை தும்மியது. பாதியைப் பிடுங்கிப் போட்டு உதைத்தான். தோப்பே அதிரும்படி கிளம்பியது. எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"மாரியாத்தா! பெட்டியை எடு! ஏறு!"

நாச்சியம்மாள் கையில் நல்லெண்ணெய் விளக்கோடு வாசலுக்கு வந்தாள்.

"வெளக்கு வெச்சாச்சுங்களே."

"இப்பத்தானுங்க வெச்சீங்க! நான் அதுக்கு முன்னாடியே கிளப்பிட்டேன்!"

"வெச்சது வெச்சதுதானுங்க."

"ஒரு நிமிசத்துக்கு ஒரு மாசமா? இது எந்த ஊரு நியாயமுங்க?"

"நாங்க என்னங்க பண்றது மாப்பிள்ளெ?" என்றார் காளிச்சாமி. "காலையில இருந்து அனுப்பி வெக்கத்தானே வாசல்ல நின்னோம். விடிஞ்சா உங்களுக்கு வேலை வேற இருக்குது. நீங்க பாத்துப் போயிட்டு வாங்க."

மாரியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒடம்பப் பாத்துக்கோங்க. ஆடி கழிஞ்சதும் கடுதாசி போடறேன்."

இப்படி ஒரு நாளில் கெட்டுப்போகிற பில்டரைச் செய்த சீமைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு, திருமூர்த்தி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான். சத்தம் தேயும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாரியாத்தாள் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டு, பூட்டையும் பூட்டினாள்.

"அந்தச் சீமைச் சாமானைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சே, செரி," என்றாள் நாச்சியம்மாள். "தோப்பு பூரா நார் கெடக்கறப்ப, நான் கரிச்சட்டி தேய்க்கற நாரைத்தானா கண்ணு எடுத்து வண்டிக்குள்ள திணிக்கோணும்?"