லிப்கா கோட்டையில் ஒரு திங்கட்கிழமை

இந்த முறை ஒட்டீலியாவைக் கேட்க வைத்தே தீருவது என்று வெந்தெலீன் முடிவு செய்துவிட்டார். முழுக் கதையையும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். கண்ணை மூடாமல்.

மலையை நகர்த்தப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், சரி, பார்க்கலாம் என்று கூடவே போய் நிற்கலாம். கட்டிய மனைவியைத் தன் பேச்சைக் கேட்க வைக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

பேச்சு வராத மனிதர் என்றால் பரவாயில்லை. பேச்சுதான் வெந்தெலீனின் பிழைப்பே. ஸ்லொவாக்கியாவில், த்ர்னவா ஊரிலிருந்து வெளிநாட்டுக்காரர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கோட்டைகளைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். ஒரு நாள், ஒரு குடும்பம், ஒரு வழிகாட்டி. லிப்கா கோட்டையின் பெரிய கூடத்தில் நின்று கோமகளின் கதையை அவர் சொன்னால் கல்லும் மூக்கைச் சிந்தும். போன வாரம் ஒரு டச்சுக்காரி விம்மி விம்மி அழுதாள். அவளைத் தேற்ற வந்த கணவர் அவளைவிடச் சத்தமாக அழுதார்.

அதே கதையை வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஆரம்பித்தால், "கோமகன் போருக்குக் கிளம்பின அன்னிக்கு" என்பதற்குள் பக்கத்திலிருந்து குறட்டை வரும்.

ஒட்டீலியாவையும் குறை சொல்ல முடியாது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கோழி எழுவதற்கு முன் எழுந்து போகிறவள்.

"நாள் பூரா கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து ஊரார் கதையெல்லாம் கேட்டுட்டு வர்றேன், வெந்தோ. வீட்டுலயும் கதையா?"

"இது சரித்திரம், ஒட்டீலியா!"

"சரித்திரம் எங்கே ஓடிடப் போகுது? நாளைக்குச் சொல்லு."

அந்த நாளை வரவே இல்லை.

இதில் வெந்தெலீனுக்கு வலித்த விஷயம் வேறு. அவர்கள் இருவரும் சந்தித்ததே லிப்கா கோட்டையில்தான். அப்போது அவர் கோடை விடுமுறைக்கு வழிகாட்டி வேலை பார்த்த மாணவன். எலும்பும் தோலுமாக, காது மட்டும் பெரிதாக இருப்பான். ஒரு கும்பலோடு வந்த பெண் ஒருத்தி கதை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஜன்னலோரம் நின்றாள். வெளியே போனாள். மறுபடி டிக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்த கும்பலோடு வந்தாள். அதற்கடுத்த கும்பலோடும் வந்தாள். அதே கதையை அத்தனை முறையும் கண்களை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்.

அந்தக் கண்களை வெந்தெலீன் அதற்குப் பிறகு எத்தனையோ நாட்டு முகங்களில் தேடியிருக்கிறார். அழுத கண்கள் கிடைத்தன. ஆச்சரியப்பட்ட கண்கள் கிடைத்தன. அந்தக் கண்கள் கிடைக்கவில்லை. அவை வீட்டில்தான் இருந்தன, மூடியபடி. ஒரே ஒரு தடவை, அதே கூடத்தில், அதே ஜன்னலோரம் அவளை நிற்கவைத்துக் கதை சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. ஐம்பது தாண்டிய மனிதருக்கு இப்படி ஓர் ஏக்கம் வரலாமா என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

கூட்டிப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். செவ்வாய் முதல் ஞாயிறு வரை வெந்தெலீனுக்கு வேலை. ஓய்வு திங்கட்கிழமை. திங்கட்கிழமை எல்லாக் கோட்டைகளுக்கும் விடுமுறை. குளிர்காலத்தில் அவர் முழுக்க ஓய்வு. கோட்டைகளும் முழுக்கப் பூட்டு. கோட்டைகளை நம்பிப் பிழைக்கிறவன் தன் பெண்டாட்டிக்கு ஒரு கோட்டையைக் காட்ட முடியாது என்பது அந்தத் தொழிலின் லட்சணம்.

அந்த ஊர்க்காரர்கள் பிறந்தநாள் போலக் கொண்டாடுகிற பெயர் நாள், ஒட்டீலியாவுக்கு டிசம்பரில் வருகிறது; அப்போது கோட்டை திறந்திருக்காது. அதனால் இலை உதிர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று லிப்காவின் காப்பாளர் கொர்னேலியாவுக்குப் போன் செய்தார்.

"திங்கக்கிழமையா? முடியாது" என்றாள் கொர்னேலியா.

"நானும் ஒட்டீலியாவும் மட்டும்தான். பூனை மாதிரி வந்துட்டு பூனை மாதிரி போயிடுவோம்."

"பூனையையும் விடமாட்டேன். திங்கக்கிழமை எங்களுக்கு ஆயிரம் வேலை."

"யாருமே இல்லாத கோட்டையில என்ன வேலை?"

"யாருமே இல்லாததாலதான் வேலை. போனை வை, வெந்தெலீன்."

அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று ஒட்டீலியா கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஏக்கத்தை மட்டும் சொல்லவில்லை. கோட்டையைச் சொன்னார், கொர்னேலியாவைத் திட்டினார். ஒட்டீலியா 'ம்' என்றாள். தூங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கொர்னேலியாவே போன் செய்தாள். "சரி, வா. திங்கக்கிழமை. பெரிய கூடம் உங்களுக்குத்தான்."

வெந்தெலீன் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். என்ன வாய்! தான் பேசிய பேச்சு இரண்டு நாள் அவள் மனத்தில் கிடந்து ஊறியிருக்கிறது என்று தோன்றியது.

சமையலறைக்கு ஓடினார். "ஒட்டீலியா! திங்கக்கிழமை நமக்காகக் கோட்டையைத் திறக்கிறாங்க!"

"கொர்னேலியாவா? ஜனாதிபதியே வந்தாலும் திறக்க மாட்டாளே அவ."

"நான் பேசினேன்."

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "நீ பேசினா யாரு மாட்டேன்னு சொல்ல முடியும்?"

அதைப் பாராட்டு என்று வெந்தெலீன் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒட்டீலியா அறையை விட்டு வெளியே வந்தபோது, வெந்தெலீன் கோட்டும் டையுமாகக் கையில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையில் 'திருமதி ஒட்டீலியா' என்று எழுதியிருந்தது.

"இது என்ன கூத்து?"

"இன்னிக்கு நீங்க என் வாடிக்கையாளர், மேடம். வெளிநாட்டுக்காரங்களுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் உங்களுக்கும் உண்டு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"வாடிக்கையாளர் சொன்னதைத் தட்ட மாட்டியா?"

"தட்டவே மாட்டேன், மேடம்."

ஒட்டீலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ முதல்ல டையைக் கழட்டுங்க. கழுத்து சிவந்து கிடக்கு."

கார் கதவைத் திறந்துவிட்டார். குனிந்து வணங்கினார். முதுகில் ஏதோ சுளுக்கியது; காட்டிக்கொள்ளவில்லை. ஊர் எல்லையைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து பொரித்த இறைச்சி வாசம் வந்தது.

"என்ன அது?"

"பொரிச்ச இறைச்சியும் ரொட்டியும்."

"மேடம், மதியத்துக்கு நல்ல உணவகத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். என் வண்டியில யாரும் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு."

"பயணம்னு கிளம்பிட்டு இறைச்சி பொரிக்காம யாராவது வருவாங்களா? எங்கம்மா கேட்டா என்ன சொல்வாங்க? இந்தா, வாயைத் திற."

"ஓட்டிட்டு இருக்கேன்..."

"வாடிக்கையாளர் சொல்றேன்."

வாயைத் திறந்தார். ஊறுகாய் வெள்ளரிக்காயும் சேர்ந்து வந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

"நல்லா சாப்பிடு, வெந்தோ. இன்னிக்கு உனக்குத் தெம்பு வேணும்" என்றாள் ஒட்டீலியா. எவ்வளவு அக்கறை என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

கொர்னேலியா கோட்டை வாசலில் சாவிக்கொத்தோடு காத்திருந்தாள். இரண்டு ஜோடி கம்பளிச் செருப்புகளை நீட்டினாள். பழைய மரத்தரை கீறாமலிருக்க, காலணிக்கு மேலேயே மாட்டிக்கொள்கிற செருப்பு. வெந்தெலீனுக்குப் பழகியதுதான். ஆனால் அவருக்குக் கொடுத்த ஜோடி வழக்கத்தைவிடக் கனமாக, புதிதாக இருந்தது.

"மரியாதைக்குரிய விருந்தாளிக்கு" என்றாள் கொர்னேலியா. வெந்தெலீன் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

கூடம் காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமையில் அதை அவர் பார்த்ததே இல்லை. காற்றில் தேன்கூட்டு வாசம். தரை மட்டும் ஏனோ மங்கலாகத் தெரிந்தது. வெளியே மேகம் போட்டிருந்தது காரணமாக இருக்கலாம். ஒட்டீலியா நேராக அந்த ஜன்னலுக்குப் போய் விளிம்பில் உட்கார்ந்தாள். எந்த ஜன்னல் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கோமகன் போருக்குக் கிளம்பின அன்னிக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். வழக்கமாகக் குறட்டை வருகிற இடம் அது.

குறட்டை வரவில்லை. ஒட்டீலியா பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் அகல விரிந்திருந்தன.

"சொல்லு, வெந்தோ. ஏன் ஒரே இடத்துல நிக்கிறே? அப்போல்லாம் நடந்துகிட்டேதானே சொல்வே?"

நடந்துகொண்டே சொன்னார். போருக்குப் போகும் முன்பு கோமகன் தன் மனைவியான கோமகளிடம், திரும்பி வந்ததும் இந்தக் கூடத்தில் உன்னோடு ஆடுவேன் என்று வாக்குக் கொடுத்தான். ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் அவள் எல்லா விளக்கையும் ஏற்றினாள். வாத்தியக்காரர்களை வாசிக்கச் சொன்னாள். யார் கூப்பிட்டும் ஆடவில்லை. இவ்வளவும் சொல்வதற்குள் வெந்தெலீன் ஒருதரம் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் வந்தார்.

"விளக்கு ஏத்தின இடத்தை இன்னொரு தடவை சொல்லு. அந்த மூலைக்கும் போய்ச் சொல்லேன். அங்கேயும் விளக்கு இருந்திருக்கும்ல?"

இருந்திருக்கும்தான். போனார். நான்கு மூலைக்கும் போனார். அவர் காலை வீசி நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது, வீசி நடந்தார். கோமகள் வாசலை நோக்கி ஓடுகிற இடத்தை மறுபடி கேட்டாள், ஓடினார். கோட்டைக் கழற்றிப் போட்டார். வியர்வை வழிந்தது. வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அந்தக் கதையை அவர் சொன்னதில்லை.

"இப்படியே ஏழு வருஷம் காத்திருந்தா" என்றார் மூச்சு வாங்க.

"மூணு."

"என்ன?"

"அப்போ மூணு வருஷம்னுதான் சொன்னே. ஒவ்வொரு தடவையும் மூணுதான்."

வெந்தெலீன் தலையைச் சொறிந்தார். "வெளிநாட்டுக்காரங்களுக்கு மூணு பத்தலை. ஏழுன்னாதான் அழறாங்க."

"எனக்கு மூணே தாங்கலை" என்றாள் ஒட்டீலியா. "உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம ஊருக்குப் போனேன். ஒரு வாரம்தான் தாங்கினேன். அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துட்டேன்."

அவர் அப்படியே நின்றார். இது அவருக்குத் தெரியாத கதை. பக்கத்து ஊரில் வேலை கிடைத்து வந்தாள் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னதே இல்லையே நீ?"

"நீ எப்போ பேச்சை நிறுத்தினே, நான் சொல்றதுக்கு?" என்றாள். பிறகு ஜன்னலை விட்டு எழுந்தாள். "கடைசியில ஆடுவாங்கல்ல? வா."

கோமகன் ஒற்றைக் காலோடு திரும்பி வந்து ஆடிய ஆட்டத்தை, வெந்தெலீனும் ஒட்டீலியாவும் நான்கு கால்களோடு ஆடினார்கள். கம்பளிச் செருப்பு தானாக வழுக்கிக்கொண்டு போனது. வாத்தியம் இல்லை. அவள் ஏதோ முணுமுணுத்தாள். அதுவே போதுமாக இருந்தது. கூடத்தின் நடுவே சுற்றினார்கள், சுவரோரம் சுற்றினார்கள். அவளுடைய தலை அவர் தோளில் இருந்தது. இனி எந்தத் திங்கட்கிழமையும் வராமல் போனாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. கொர்னேலியா வந்தாள். இவர்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். விரலால் தடவினாள். அப்போதுதான் வெந்தெலீனும் பார்த்தார். தரை கண்ணாடியாகப் பளபளத்தது. மேல்கூரை ஓவியம் முழுக்கக் கீழே தெரிந்தது. நடுவில் வியர்த்து விறுவிறுத்த ஒரு மனிதனும் தெரிந்தான்.

"ஒட்டீலியா, நீ சொன்னப்போ நான் நம்பலை" என்றாள் கொர்னேலியா. "ஞாயித்துக்கிழமை தரைக்குத் தேன்மெழுகு போட்டா, திங்கக்கிழமை கம்பளியால தேய்ச்சுப் பளபளப்பாக்க எங்க ஆளுங்களுக்குச் சாயங்காலம் ஆயிடும். இவர் மதியத்துக்குள்ள முடிச்சிட்டாரே!"

வெந்தெலீன் தரையைப் பார்த்தார். கனமான செருப்பைப் பார்த்தார். மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

"நீதான் போன் பண்ணினியா?"

"நீ அன்னிக்குச் சாப்பிடாம எழுந்தே. எனக்கும் இந்த ஜன்னலைப் பார்க்கணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா? கொர்னேலியா சும்மா திறக்க மாட்டேன்னா. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார், கேட்க ஆள் இருந்தா கால் ஓயாதுன்னு சொன்னேன்."

"அப்போ நீ கேட்டதெல்லாம், அந்த மூலைக்குப் போ, இந்த மூலைக்குப் போன்னதெல்லாம்... தரைக்கா?"

"மூலைக்குப் போகச் சொன்னது தரைக்கு. கேட்டது எனக்கு."

கோபப்படலாமா என்று வெந்தெலீன் யோசித்தார். கோபம் கிடைக்கவில்லை. கண்கள் மட்டும் எதிரே இருந்தன, இன்னும் அகலமாக.

"அடுத்த திங்கக்கிழமை விருந்து மண்டபம்" என்றாள் கொர்னேலியா, சாவியைச் சுழற்றிக்கொண்டே. "இதைவிட ரெண்டு மடங்கு பெரிசு. அங்கே சொல்ற மாதிரி கதை ஏதாவது இருக்கா?"

வெந்தெலீன் வாயைத் திறப்பதற்குள் ஒட்டீலியா பதில் சொல்லிவிட்டாள்:

"இருக்கே, நீளமான கதை. குளிர்காலத்துக்குப் பூட்டுற வரைக்கும் எல்லாத் திங்கக்கிழமைக்கும் இவரை எழுதிக்கோ."